கையில் வாங்கிய பை

எல்லாம் உங்களால் வந்த வினை. அந்தக் குளுகுளு அறையில் நின்றுகொண்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை நெருடியபடி, "தெரிஞ்சதையெல்லாம் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டுப் போங்க, புதுசாப் பிறந்தவங்க மாதிரி பாருங்க, அப்பதான் இன்ஸ்பிரேஷன் கிடைக்கும்" என்று சொன்னீர்களே, அந்த ஒரு பேச்சால் வந்தது. பிறந்தாச்சு மேடம். புதுசாகத்தான் பிறந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், வந்து பாருங்கள் எந்த லட்சணத்தில் என்று. தவசி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கேட்க அந்த வாத்தியாரம்மாவும் அங்கே இல்லை. மதுரையில் மேம்பாலம் தரையிறங்குகிற இடத்தில், தூணில் கிழித்த சுவரொட்டியின் பசை முதுகில் ஒட்ட, அவன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கட்டைப்பை. அவனுடையதில்லை. பைக்குச் சொந்தக்காரி முத்துராக்கு இந்தப் பக்கம், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, கை மடித்து, கிளம்பத் தயாராக. கொத்தனார் காசிலிங்கம் அந்தப் பக்கம், சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். இரண்டு பேரும் வண்டிக்குக் காத்திருந்தார்கள். தவசியின் வண்டிக்கு, தவசி கொடுக்கப்போகிற வேலைக்கு. வேலை என்று ஒன்று இல்லை. வண்டியும் இல்லை. இது தவசிக்கு மட்டும்தான் தெரியும். 

விடியும்போது எவ்வளவு சனம் இங்கே. நூறு பேருக்குக் குறையாது. மண்வெட்டியும் கடப்பாரையும் மட்டப்பலகையுமாக, டீக்கடைப் புகைக்குள்ளே. ஒரு டெம்போ வேகத்தைக் குறைத்தால் போதும், ஒரே ஓட்டம். எத்தனை பேரு, என்ன வேலை, கான்கிரீட்டா பூச்சா, மதியச் சோறு உண்டா. தவசிக்கு இதெல்லாம் புதுசா? கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் பழைய வீடு இடிக்கிற காண்டிராக்டில் கிடந்தவன். முதலில் ஆணி பிடுங்கினான், பிறகு கதவு சன்னல் விலை பேசினான், பிறகு முதலாளியையே விலை பேசிக் கால்பங்கு வாங்கினான். இதே மாதிரி முக்குகளில் வண்டியை நிறுத்தி, இதே மாதிரி ஆட்களிடம் கூலியைக் குறைத்து, ஏற்றிக்கொண்டு போனவன். ஆனால் இன்றைக்கு அவன் அந்தத் தவசி இல்லை. மூன்றாம் வருஷம் ஆர்க்கிடெக்சர். இஸ்திரி போட்ட சட்டை, அட்டை வைத்த பேடு, அதில் கிளிப் போட்ட கேள்வித்தாள். தினக்கூலிகள் காத்திருக்கும் இடத்துக்கு ஒரு நிழற்கூடம் வடிவமைக்க வேண்டும், அதற்குக் கள ஆய்வு. பயனாளியின் வயது. பயனாளி எதிர்பார்க்கும் கூலி. பயனாளியின் உடைமைகள், புகைப்படத்துடன். பயனாளி! இந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு காசிலிங்கத்தின் முன்னால் போய் நின்று, "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டான். அவர் அவனுடைய சட்டையைப் பார்த்தார், பேடைப் பார்த்தார், எந்தக் கட்டடத்து இன்ஜினியர் தம்பியோ என்று நினைத்து ஒரு தொகையைச் சொன்னார். தவசி அதைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லி நகர்ந்திருக்க வேண்டும். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் வாய் இருக்கிறதே, அது யாரைக் கேட்டது? எதிராளி ஒரு விலை சொன்னால் அதற்கு அப்படியே தலையாட்டுவதை மானக்கேடாக நினைத்து வளர்ந்த வாய். இருநூறைக் குறைத்துச் சொல்லிவிட்டது. "அடேங்கப்பா, அது கட்டாதுண்ணே. இம்புட்டுன்னா சொல்லுங்க." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. காசிலிங்கம் கொஞ்சம் முனகினார், சாமி கும்பிடுகிற மாதிரி மேலே பார்த்தார், "சரி விடு, ரெண்டு நாளா சும்மா நிக்கிறேன், வாரேன்" என்றார். "ஒரு சித்தாளு வேணும்ல? ஏய் முத்துராக்கு, இங்கிட்டு வா." வந்தாள். வந்தவள் பையை நீட்டினாள். தவசி வாங்கினான்.

அங்கேதான். அந்த இடத்தில்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டு நின்றது. வாங்கினானே. வாய் பேசியதைக்கூட விளையாட்டு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். பையை வாங்கினால் முடிந்தது. பேசியவன் பையைக் கையில் வாங்கிவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு அவனுடைய ஆள், அதற்குப் பிறகு தங்கத்தில் தேர் வந்து நின்றாலும் ஏற மாட்டார்கள், ஏறினால் மறுநாள் அந்த முக்கில் நிற்க முடியாது. அவனே எத்தனை பைகளை அப்படி வாங்கி டெம்போவுக்குள் வீசியிருக்கிறான். தெரிந்தவன். தெரிந்த கைதான் நீண்டது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு அது பையாகத் தெரியவில்லையே, பயனாளியின் உடைமைகளாகத் தெரிந்தது. புதுக் கண்! சந்தோஷமாக வாங்கி, உட்கார்ந்து, பிரித்து, ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிப் படம் எடுத்தான். சும்மாட்டுத் துணி. தூக்குவாளி. கை உறை மாதிரி வெட்டிய பழைய சைக்கிள் டியூப். ஒரு சீப்பு. "என்னத்தத் தேடுற தம்பி? குண்டு கிண்டு வச்சிருக்கேன்னா?" என்று அவள் சிரித்தாள். "போலீஸ்காரன்கூட இப்படிச் சோதிக்க மாட்டான்." காசிலிங்கம் சொன்னார்: "பெரிய சைட்டா இருக்கும்டி. உள்ள விடுறப்ப செக்கிங் இருக்கும். கம்பெனி வேலை." அதற்குள் ஒரு கான்கிரீட் கோஷ்டியின் லாரி வந்தது. அவளுடைய பழைய மேஸ்திரி, பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் தவசியைக் கைகாட்டி, "பை குடுத்தாச்சுண்ணே" என்று சத்தமாகச் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். லாரி கிளம்பியது. அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில்தான் தவசிக்குத் தான் வாங்கியது என்ன என்று உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். லாரி சிக்னலில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஓடிப்போய்த் தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பான். இவன் படத்தைப் பார்த்தான், வெளிச்சம் போதவில்லை, இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யோசித்தான். கடவுளே. அதையா யோசித்தேன். அதைத்தான் யோசித்தான்.

"வண்டி எந்தப் பக்கமிருந்து தம்பி வருது?" "வரும்க்கா." கேட்டது எந்தப் பக்கம் என்று. சொன்னது வரும் என்று. அதுவரை அது தப்பு, அறியாமல் நடந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அது பொய். வரும். என்ன வரும்? எமன் வருவான். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது, வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஒவ்வொருத்தரும் இந்த நிழற்கூடத்துக்கு இன்ஸ்பிரேஷன் என்று என்னென்னவோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்வர்ணிகா தூக்கணாங்குருவிக் கூடு. அந்தக் கோட்டயத்துப் பையன் இலையின் நரம்பு. இன்னொருத்தன் மீன் வலையைப் போனில் பார்த்து அச்செடுத்து ஒட்டியிருக்கிறான், மீனைத் தட்டில் தவிர வேறெங்கும் பார்க்காதவன். அவர்கள் படம் ஒட்டிக் காட்டும் பலகைகள் கோயில் சப்பரம் மாதிரி சோடித்திருக்கும். தவசி போன தடவை நான்கு இரும்புக்குழாய், தகரக்கூரை, உட்கார ஒரு திண்டு என்று வரைந்து, எங்கே எவ்வளவுக்கு வாங்கலாம் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு போனான். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள், கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். "தவசி, இது டிசைன் இல்ல. கொட்டேஷன்." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சேர்க்கையின்போது மேடத்தின் இதே வாய்தானே சொன்னது, உங்க பின்னணிதான் உங்க சொத்து, இடிக்கிற இடத்துலேருந்து கட்டுற இடத்துக்கு வந்திருக்கீங்க, அற்புதம் என்று. சொத்து என்றீர்கள், பிறகு அதைச் செருப்போடு வெளியே விடச் சொன்னீர்கள். விட்டேன். கண்ணை விட்டேன், கையை விட்டேன். வாய் மட்டும் நாய் மாதிரிப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டது. அது என் தப்பா? இல்லை, முழுசாக விட்டிருந்தாலும் பிழைத்தேன், முழுசாகக் கொண்டு வந்திருந்தாலும் பிழைத்தேன், பாதி விட்டவனுக்குத்தான் இந்தக் கதி என்று அவனுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். வக்கீலை உட்காரச் சொல்ல ஆளில்லை.

வெயில் தூணைச் சுற்றி வந்து காலைத் தொட்டது. டீக்கடைக்காரன் கிளாஸ்களை அலசிக் கவிழ்த்துவிட்டான், இந்த முக்குக்கு அதுதான் கடைசி மணி. அதற்கு மேல் எந்த வண்டியும் ஆள் எடுக்க வராது. எடுக்கப்படாத ஆட்கள் எப்போதோ கலைந்து போயிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சினிமா நடுவில் எழுந்து போகிறவர்கள் மாதிரி. காசிலிங்கம் கொட்டாவி விட்டார். "தம்பி, இதுல நிழற்கூடமா என்னமோ கட்டப் போறதா எழுதிருக்கியே, இங்கயா?" பேடில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டிருக்கிறார். தவசி பேடைக் கவிழ்த்து வைத்தான். "ஆமாண்ணே. ஒரு யோசனைதான்." "அதுக்குத்தான் ஆள் எடுக்கிறியா?" தவசி எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் முத்துராக்கு குறுக்கே விழுந்தாள். "அப்ப ஒரு டிவி வச்சுரு தம்பி. சீரியல் பாத்துக்கிட்டே நிப்போம்." "ஆமா, இவ சீரியல்ல உக்காந்துருவா, வண்டிக்காரன் வந்து மாமியா செத்துட்டாளான்னு கேட்டுட்டுப் போவான்." "உமக்கு என்னய்யா வேணும், கொத்தனாரே?" "எனக்கு ஒரு கண்ணாடி. தலை சீவிக்கிற மாதிரி, பெருசா." "சீவுறதுக்கு அங்க என்ன இருக்காம்?" சிரித்தார்கள். அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தபோது காதுமடல் வலித்தது. வலி இல்லை, வலியின் ஞாபகம். அங்கே ஒரு பழைய தழும்பு. ஒரு சித்திரை மாதம், பக்கத்து ஊர் முக்கில், வேறொரு காண்டிராக்டர் பத்துப் பேரிடம் பையை வாங்கிவிட்டு, இடம் போதவில்லை என்று நான்கு பேரின் பைகளைத் திரும்ப ரோட்டில் வீசிவிட்டுப் போனான். அடுத்து வந்தது தவசியின் வண்டி. கல் வந்தது. எவன் பையை வீசினான், எவன் வண்டி வருகிறது என்றெல்லாம் கல்லுக்குத் தெரியாது. வண்டிக் கண்ணாடி உடைந்து காதுக்குள் சரசரவென்று கொட்டியதும், ரத்தம் காலருக்குள் வெதுவெதுவென்று இறங்கியதும், அதைவிட, ரோட்டில் விழுந்த தூக்குவாளியிலிருந்து சிதறிய சோற்றை ஒரு கிழவர் குனிந்து கையால் வழித்ததும். அன்றைக்கு அந்தக் காண்டிராக்டரை எப்படியெல்லாம் திட்டினான். மனுசனா அவன் என்று கேட்டான். இன்றைக்கு அதே கேள்வி திரும்பி வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சட்டைப்பைக்குள் கை போனது. மாடல் செய்ய அட்டையும் பசையும் வாங்க வைத்த பணம். எடுத்து நீட்டிவிட்டால் என்ன? ஒருத்தர் கூலிக்குக்கூட முழுசாக வராது. சரி, ஆளுக்குப் பாதி. பொழுது பாதிதானே போயிருக்கிறது. இல்லை, பாதிகூட அதிகம், சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எதற்குப் பாதி, கால் போதாதா, பஸ் செலவும் சாப்பாடும் என்று கொடுத்தால். அவர்கள் முழுசாகக் கேட்பார்கள், நான் காலில் ஆரம்பித்தால் பாதியில் வந்து முடியும். ச்சீ. எந்தக் கடையில் நின்று பேசுகிறோம் என்று அவனுக்கே உறைத்தது. தன் மனச்சாட்சியிடமே மாட்டுத் தரகன் மாதிரி துண்டைப் போட்டு மறைத்து விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கிறான். கை வெறுமனே வெளியே வந்தது. பழங்காநத்தம் பஸ் வந்து நின்றது. கல்லூரிக்கு அதில்தான் போக வேண்டும். பின்வாசல் அவனுக்கு நேராகத் திறந்திருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு, இந்தா வண்டி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வந்துர்றேன்க்கா என்று எழுந்து நான்கு எட்டு வைத்தால் முடிந்தது. இந்த முக்கு பக்கமே இனி வர வேண்டாம். படங்கள் போனில் இருக்கின்றன, கூலித் தொகை தாளில் இருக்கிறது. ஆய்வு முடிந்தது. நல்ல ஆய்வு. பலகையில் அந்தத் தூக்குவாளியையும் சைக்கிள் டியூபையும் பெரிசாக ஒட்டினால் மேடம் கண்ணாடியைக் கழற்றாமல் பார்ப்பார்கள். இதுதான் தவசி, இதுதான் நிஜம் என்பார்கள். கால்கள் எழுந்துகொள்ளத் தயாராயின. பஸ் உறுமியது, கண்டக்டர் அவனைப் பார்த்து, ஏறுறியா இல்லையா என்று புருவத்தைத் தூக்கினான். தவசியின் கை பையின் கட்டைப்பிடியை விடவில்லை. நல்லவன் என்பதாலா? அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. பயம் என்பதாலா? அதுவும் இருக்கும். பஸ் போனது. போன பிறகு அதன் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு அவன் அந்தக் கண்டக்டரை, சம்பந்தமே இல்லாமல், கெட்ட வார்த்தையில் திட்டினான்.

முத்துராக்குவின் போன் அடித்தது. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து, தள்ளிப் பிடித்துப் பார்த்து, காதில் வைத்தாள். "ம், சொல்லு. ...அமைஞ்சிருச்சு, அமைஞ்சிருச்சு. கம்பெனி வேலை. படிச்ச பையன், மரியாதையாத்தான் பேசுறான். நீ ஒண்ணு செய்யி, கேஸ்காரன்ட்ட சொல்லிரு, சாயந்தரம் சிலிண்டர் போட்டுரச் சொல்லு, அம்மா வந்து குடுத்துரும்னு சொல்லு. ...விறகுல கைய வைக்காத. போன தடவை சுட்டது பத்தாதா? பாலை மேல்வீட்டுல காய்ச்சித் தரச் சொல்லு, பிள்ளைக்கு." வைத்துவிட்டு யாருக்கோ விளக்கம் சொல்கிற மாதிரி, "மகளுக்குப் பிரசவம் ஆகி வந்திருக்கா. கேசு தீந்து நாலு நாளாச்சு" என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, இப்படி வேர்க்குது? டீ கீ குடிக்கிறியா? ஏய்யா கொத்தனாரே, ஒரு டீ சொல்லும்." "கடைய மூடிட்டான்." "கேளுமய்யா, இருந்தாத் தருவான்." காசிலிங்கம் நிஜமாகவே எழுந்து போனார். மூடிய கடையில் கெஞ்சிக்கொண்டு நின்றார். எனக்காக.  படிச்ச பையன். மரியாதையாத்தான் பேசுறான். இந்தப் பொய் இனி அவனுடைய வாய்க்குள் மட்டும் இல்லை. போன் வழியாக ஓடி ஒரு பிள்ளை பெற்றவளின் காதில் ஏறி, அங்கிருந்து கேஸ்காரனிடம் போய்க்கொண்டிருக்கிறது. சாயந்தரம் அவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்து நிற்கப்போகிறான், இவள் வெறுங்கையோடு நிற்கப்போகிறாள், அந்தச் சிலிண்டர் திரும்பப் படி இறங்கும், அது ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் இப்போதே கேட்டது. சொல். அக்கா, வேலை இல்லை. ரெண்டு வார்த்தை. உதடு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பேரிடம் சண்டை போட்ட வாய், போலீஸ்காரனிடம் குரலை உயர்த்திய வாய், இருநூறு ரூபாயைக் கேட்காமலே வெட்டிய வாய், ஒரு பொம்பளையின் முகத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் உலர்ந்து கிடந்தது.

கோபம் வந்தது. நல்லவேளை, அது வந்தது. அது வந்தால்தான் இவனுக்குப் பேச்சு வரும், சின்ன வயசிலிருந்தே அப்படி. போனை எடுத்து மேடத்தின் எண்ணை அழுத்தினான். எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினான், கட் செய்தார்கள், வகுப்பில் இருப்பார்கள், யாருடைய குருவிக்கூட்டையோ பார்த்துக்கொண்டு. வாய்ஸ் மெசேஜில் விரலை அழுத்தி வாய்க்கு அருகே பிடித்தான். "மேடம், தவசி பேசுறேன். நீங்க போகச் சொன்ன முக்குலேருந்து பேசுறேன். ரிசர்ச் பண்றேன்னு வந்து, ஒரு கொத்தனாரு, ஒரு சித்தாளு, ரெண்டு பேரையும் வேலைக்குப் பேசிட்டேன். பையையும் வாங்கிட்டேன். வேலை கிடையாது மேடம். என்கிட்ட வேலையும் கிடையாது, வண்டியும் கிடையாது." பக்கத்தில் முத்துராக்குவின் கை, சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த கை, அப்படியே நின்றது. பிளாஸ்டிக் கிளாசில் டீயோடு திரும்பி வந்த காசிலிங்கம் இரண்டு எட்டு தள்ளி நின்றுவிட்டார். கேட்டுவிட்டார்கள். தவசி நிறுத்தவில்லை. நிறுத்தினால் இனி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. அவர்களைப் பார்க்கவும் இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, குரல் உடைந்து ஏறஏறப் பேசினான். "கூப்பிட்ட லாரியை எல்லாம் இவங்க விட்டுட்டாங்க. என்னை நம்பி. நான் வரும் வரும்னு சொல்லி உக்கார வச்சுட்டேன். பேசினது என் வாய், வாங்குனது என் கை, ஒத்துக்கிறேன், அதுக்கு நீங்க என்னை ஃபெயில் போடுங்க, வெளிய அனுப்புங்க, என்னமும் பண்ணுங்க. ஆனா எங்களை இங்க அனுப்புனது நீங்க. பாத்துட்டு வா, எடுத்துட்டு வான்னு சொன்னது நீங்க. எடுத்தாச்சு. இப்ப குடுக்கணும்ல? உங்க வீட்டுல இடிக்க ஒரு சுவராச்சும் இருக்கும், பூச ஒரு மூலையாச்சும் இருக்கும். இல்லைன்னா காலேஜ்ல கூட்டிக் கழுவ ஒரு வராந்தாவாச்சும் இருக்கும். முழு நாள் வேலை, முழு நாள் கூலி. அவரு கேட்ட கூலி மேடம், நான் குறைச்சது இல்ல. ஸ்வர்ணிகாவ அனுப்பாதீங்க, வாட்ச்மேன அனுப்பாதீங்க. குருவிக்கூட்டை அப்படியே வச்சுட்டு, நீங்க வாங்க. உங்க வண்டியிலயே வாங்க. வந்து, இந்த அக்கா முகத்தைப் பாத்து, ஏறுங்கன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க."